ஓட்டு இல்லாத இளவரசர்

அமெரிக்கப் பாராளுமன்றத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஒரு இளவரசர் உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து பேசலாம். மசோதா கொண்டு வரலாம். கமிட்டிகளில் அங்கம் வகிக்கலாம். மற்ற அங்கத்தினர்களோடு சரிசமமாக நாற்காலியில் உட்காரலாம். ஆனால் ஓட்டு எடுக்கும் நேரம் வந்தால் அவர் பேசாமல் இருக்க வேண்டும். மற்ற அங்கத்தினர்களுக்கு ஓட்டு உண்டு. அவருக்கு இல்லை.

அவர் பெயர் ஜோனா கூஹியோ. ஹவாய்த் தீவின் இளவரசர்.

அவருடைய நாட்டை அமெரிக்கா எடுத்துக் கொண்டது. அவருடைய அத்தையைச் சிம்மாசனத்தில் இருந்து இறக்கினார்கள். அவரையும் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அப்படிப்பட்டவர், தேர்தலில் நின்று, ஜெயித்து, அந்த அமெரிக்காவின் பாராளுமன்றத்துக்கே போனார். அதுவும், அத்தையை இறக்கியவர்கள் இருந்த கட்சியிலேயே சேர்ந்து போனார்!

ஏன் போனார்? ஓட்டு இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து என்ன சாதித்தார்?

மூன்று பிள்ளைகள்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே இருக்கின்றன ஹவாய்த் தீவுகள். அமெரிக்கக் கரையில் இருந்து சுமார் 2,400 மைல் தூரம். எரிமலைகள் நிறைந்த பூமி. கரும்பு செழித்து வளரும் மண்.

அங்கே காவாய் என்று ஒரு தீவு. அந்தத் தீவில் 1871-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி கூஹியோ பிறந்தார். காவாய்த் தீவை ஒரு காலத்தில் ஆண்ட அரசரின் வம்சம். அண்ணன்மார் இருவர். மூவரில் கூஹியோ கடைக்குட்டி.

சிறு வயதிலேயே தந்தை இறந்தார். 1884-ம் ஆண்டில் தாயும் போய்விட்டார். தாயாரின் அக்காள் கபியோலானி. அவர்தான் ஹவாயின் பட்டத்து ராணி. கலாகவா மன்னரின் மனைவி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே பெரியம்மாவும் பெரியப்பாவும் மூன்று பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார்கள். மூவருக்கும் இளவரசர் பட்டமும் கிடைத்தது.

கூஹியோ கொழுகொழு என்று இருப்பார். எப்போதும் சிரித்த முகம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்கார ஆசிரியர் ஒருவர் அவருக்கு 'க்யூப்பிட்' என்று செல்லப் பெயர் வைத்தார். க்யூப்பிட் என்றால் மேல்நாட்டுக் கதைகளில் வரும் மன்மதன். குழந்தை உருவில் இருப்பான். அந்தப் பெயர் கூஹியோவுக்கு ஒட்டிக் கொண்டது. பின்னாளில் வாஷிங்டன் நகரிலும் அவரை 'பிரின்ஸ் க்யூப்பிட்' என்றே அழைத்தார்கள்.

மூன்று சகோதரர்களும் படிப்புக்காகக் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1885-ம் ஆண்டு, கோடை விடுமுறையில், சாந்தா குரூஸ் என்ற ஊரின் கடற்கரைக்குப் போனார்கள். ஹவாயில் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் போதே அலையோடு விளையாடத் தொடங்கிவிடுவார்கள். நீளமான பலகை மீது ஏறி நின்று அலையில் சறுக்கி வருவது அவர்களுடைய பரம்பரை விளையாட்டு. மூவரும் அந்த ஊர் மரத்தில் பலகை செய்து, அலை மீது ஏறிச் சறுக்கினார்கள். கரையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அமெரிக்கக் கரையில் அந்த விளையாட்டு நடந்ததாகத் தெரிய வருவது அதுவே முதல் தடவை.

இரண்டாவது அண்ணன் 1887-ம் ஆண்டில் இறந்து போனார். மூத்த அண்ணன் டேவிட்டும், கூஹியோவும் இங்கிலாந்து சென்று படித்தார்கள். கூஹியோ ஜப்பானிலும் சில காலம் அந்த நாட்டு சர்க்காரின் விருந்தாளியாகத் தங்கி இருந்தார்.

சிம்மாசனம் சரிந்தது

1891-ம் ஆண்டு ஜனவரியில் கலாகவா மன்னர் இறந்தார். அவருடைய தங்கை லிலியுவோகலானி ராணி ஆனார். கூஹியோவுக்கு அத்தை முறை.

அப்போது ஹவாயில் பணமும் பலமும் கரும்புத் தோட்ட முதலாளிகளிடம் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க வம்சம். பாட்டன் பாதிரியாராக வந்திருப்பார். பேரன் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு எஜமானாக இருப்பார். ஏற்கெனவே மன்னரின் அதிகாரத்தை அவர்கள் குறைத்துவிட்டிருந்தார்கள். இழந்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதற்காக ராணி புதிய அரசியல் சட்டம் கொண்டு வர முயன்றார். முதலாளிகள் சினந்து எழுந்தார்கள்.

1893-ம் ஆண்டு ஜனவரி மாதம். துறைமுகத்தில் 'பாஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நின்றது. அதில் இருந்து 160-க்கும் அதிகமான சிப்பாய்கள் துப்பாக்கியோடு இறங்கி, தலைநகரான ஹொனலூலூவில் அணிவகுத்தார்கள். ஜனவரி 17-ந் தேதி ராணியின் ஆட்சி முடிந்தது. ரத்தம் சிந்த வேண்டாம் என்று ராணி விலகிக் கொண்டார். நூறு ஆண்டு கழித்து, 1993-ம் ஆண்டில், இந்தக் காரியத்துக்காக அமெரிக்கப் பாராளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது.

முதலாளிகள் ஹவாயைக் குடியரசு என்று அறிவித்தார்கள். சான்போர்டு டோல் என்பவர் ஜனாதிபதி ஆனார்.

ராணியின் பக்கம் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1895-ம் ஆண்டு ஜனவரியில் கலகம் வெடித்தது. படை நடத்தியவர் ராபர்ட் வில்காக்ஸ். தாய் வழியில் ஹவாயர். தந்தை அமெரிக்கர். இத்தாலி நாட்டில் ராணுவப் பயிற்சி பெற்றவர். மகா துணிச்சல்காரர். 23 வயதுக் கூஹியோவும் அந்தக் கலகத்தில் சேர்ந்தார்.

கலகம் சில நாட்களில் நசுங்கியது. வில்காக்சுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்து, மன்னிப்பும் வழங்கினார்கள். ராணியை அவருடைய அரண்மனையிலேயே ஒரு அறையில் பூட்டி வைத்தார்கள். கூஹியோவுக்கு ஒரு ஆண்டு சிறை.

இளவரசர் கைதியானார். எலிசபெத் கஹானு என்ற பெண் ஜெயிலுக்கு வந்து அவரைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவரும் பிரபுக் குடும்பத்துப் பெண். விடுதலையான பிறகு, 1896-ம் ஆண்டில், இருவருக்கும் திருமணம் நடந்தது.

21 ஆயிரம் கையெழுத்து

ஹவாயை அமெரிக்காவோடு சேர்த்துவிட வேண்டும் என்பது முதலாளிகளின் விருப்பம். சேர்த்துவிட்டால் அவர்களுடைய சர்க்கரைக்கு அமெரிக்கச் சந்தை நிச்சயம்.

ஹவாய் மக்களோ சேரக் கூடாது என்றார்கள். 1897-ம் ஆண்டில் தீவு தீவாகப் போய் மகஜரில் கையெழுத்து வாங்கினார்கள். 21 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு அல்ல, கையெழுத்து! அந்தத் தீவுகளில் ஆண், பெண் எல்லோரும் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றிருந்தார்கள். ஆகவேதான் அது முடிந்தது.

அந்த மகஜர் வாஷிங்டனுக்குப் போயிற்று. இணைப்பு ஒப்பந்தம் நின்று போயிற்று. ஆனால் மறு ஆண்டே அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் யுத்தம் மூண்டது. பசிபிக் கடலின் நடுவே ஒரு துறைமுகம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஒப்பந்தம் இல்லாமலே ஒரு தீர்மானம் போட்டு, 1898-ல் ஹவாயை எடுத்துக் கொண்டார்கள்.

ஆகஸ்டு 12-ந் தேதி, அரண்மனைக் கொடிக்கம்பத்தில் இருந்து ஹவாய்க் கொடி இறங்கியது. அமெரிக்கக் கொடி ஏறியது. அரச குடும்பத்தார் அந்த விழாவுக்குப் போகவில்லை.

கூஹியோவுக்கு மனம் பொறுக்கவில்லை. மனைவியோடு வெளிநாடு போய்விட்டார். ஐரோப்பாவைச் சுற்றினார். ஆப்பிரிக்காவுக்கும் போனார். 1901-ம் ஆண்டில்தான் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தபோது ஊரில் தேர்தல் பேச்சாக இருந்தது.

இது என்ன பதவி?

அமெரிக்காவில் இரண்டு வகை நிலப் பகுதிகள் உண்டு. ஒன்று, மாநிலம். மற்றொன்று, 'டெரிட்டரி' என்னும் பிரதேசம். மாநிலத்துக்கு முழு உரிமை. பிரதேசத்துக்கு அரை உரிமை. பிரதேசத்தின் கவர்னரை அந்தக் காலத்தில் ஜனாதிபதியே நியமித்தார். ஜனாதிபதி தேர்தலில் அந்த மக்கள் ஓட்டுப் போட முடியாது.

அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் 'காங்கிரஸ்' என்று பெயர். (இந்தியாவின் காங்கிரஸ் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அதில் பிரதிநிதிகள் சபை, செனட் சபை என்று இரண்டு சபைகள். பிரதேசத்து மக்கள், பிரதிநிதிகள் சபைக்கு ஒரே ஒரு ஆளை அனுப்பலாம். அவருக்கு 'டெலிகேட்' என்று பெயர். அவர் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. இந்த வழக்கம் 1794-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஓகையோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த பிரதேசத்தில் இருந்து ஜேம்ஸ் ஒயிட் என்பவர் முதல் முதலாக அப்படிப் போய் உட்கார்ந்தார்.

1900-ம் ஆண்டில் ஹவாய் ஒரு பிரதேசம் ஆயிற்று. 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு ஓட்டு. ஆங்கிலமோ, ஹவாய் மொழியோ எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு ஓட்டு இல்லை. கரும்புத் தோட்டத்தில் பாடுபட்ட ஆயிரக்கணக்கான ஜப்பானியருக்கும், சீனாவில் இருந்து வந்து குடியேறியவர்களுக்கும் குடியுரிமை கிடையாது. ஆகவே ஓட்டும் கிடையாது.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பணம் முதலாளிகளிடம் இருந்தது. ஓட்டு ஹவாயர்களிடம் இருந்தது!

1900 நவம்பரில் முதல் தேர்தல். மூவர் நின்றார்கள். முதலாளிகளின் குடியரசுக் கட்சிக்கு ஒரு அபேட்சகர். ஜனநாயகக் கட்சிக்குக் கூஹியோவின் அண்ணன் டேவிட். ஹவாயர்கள் தாங்களே தொடங்கிய ஹோம் ரூல் கட்சிக்கு ராபர்ட் வில்காக்ஸ். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் எந்த சர்க்கார் அவருக்குத் தூக்குக் கயிற்றைக் காட்டியதோ, அந்த ஊரிலேயே அவர் ஜெயித்தார். இளவரசர் டேவிட் தோற்றார்.

வில்காக்ஸ் வாஷிங்டன் போனார். வீரத்தில் குறைவில்லை. ஆனால் சபையில் பேசும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. ஹோம் ரூல் கட்சி என்று ஒரு கட்சி அங்கே இல்லவே இல்லை. ஆகவே துணைக்கு ஆளும் இல்லை. ஓட்டும் இல்லை, துணையும் இல்லை என்றால் என்ன செய்வது? வெறுங்கையோடு திரும்பினார்.

கட்சி மாறினார்

கூஹியோ முதலில் ஹோம் ரூல் கட்சியில்தான் இருந்தார். அது சொந்த மக்களின் கட்சி. ஆனால் வெள்ளையர் எல்லோரையும் பகைத்துக் கொண்டு எதையும் பெற முடியாது என்பது அவர் எண்ணம். கட்சியைச் சீர்திருத்தப் பார்த்தார். நடக்கவில்லை. 1902-ம் ஆண்டு ஜூலை மாதம், கட்சி மகாநாட்டில் தகராறு முற்றியது. கூஹியோ வெளியேறினார். பலர் பின்னாலேயே எழுந்து வந்தார்கள்.

குடியரசுக் கட்சியார் இதைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஹவாயர்களின் ஓட்டு வேண்டும். அதற்கு ஒரு இளவரசர் கிடைத்தால் போதும். ஆள் அனுப்பினார்கள். தூது போயிற்று. பேச்சு நடந்தது.

கூஹியோவின் கணக்கு வேறு. அப்போது அமெரிக்காவின் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். அவர் குடியரசுக் கட்சி. இரண்டு சபைகளிலும் அதே கட்சிக்குத்தான் மெஜாரிட்டி. தனக்கு ஓட்டு இல்லாதவன், ஓட்டு உள்ளவர்களோடு சிநேகமாக இருந்தால்தான் காரியம் ஆகும். எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்தால் பேசிவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

சம்மதித்தார். செப்டம்பர் மாதம் குடியரசுக் கட்சி அவரை அபேட்சகராக நிறுத்தியது.

ஹவாய் மக்கள் திகைத்தார்கள். ராணியை இறக்கியவர்களோடு இளவரசர் சேர்ந்துவிட்டார் என்று சிலர் மனம் நொந்தார்கள். ராணி அப்போது உயிரோடு இருந்தார், ஹொனலூலூவிலேயே இருந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மன வருத்தத்தைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

போட்டியோ இன்னும் விசித்திரம். எதிரே நின்றவர் வில்காக்ஸ். 1895-ல் ஒரே கலகத்தில் சேர்ந்து, ஒரே சர்க்காரிடம் தண்டனை வாங்கிய இருவர். இப்போது ஒருவரை ஒருவர் எதிர்த்து ஓட்டுக் கேட்டார்கள்!

தீவுகளில் தேர்தல் பிரசாரம் என்றால் வண்டி கட்டிக் கொண்டு போகிற காரியம் அல்ல. தீவுக்குத் தீவு கப்பல் ஏற வேண்டும். கூஹியோவுக்கு ஹவாய் மொழியும் நன்றாக வரும், ஆங்கிலமும் நன்றாக வரும். அரச ரத்தம். ஆனால் கர்வம் இல்லை. குடியானவர் குடிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். மக்கள் அவரை 'குடிமக்களின் இளவரசர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

நவம்பர் 4-ந் தேதி ஓட்டுப் பதிவு. கூஹியோ நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற வில்காக்ஸ் அடுத்த ஆண்டு அக்டோபரில் காலமானார். ஹோம் ரூல் கட்சியும் நாளடைவில் தேய்ந்து போயிற்று.

வாஷிங்டனில்

அமெரிக்கக் காங்கிரசில் அங்கத்தினராக இருந்தவர்களில், இளவரசராகப் பிறந்தவர் கூஹியோ ஒருவர்தான்.

சபையில் பலருக்கு ஹவாய் எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. அதை ஏதோ அந்நிய நாடு என்று நினைத்தவர்களும் உண்டு. ஆகவே கூஹியோ முதலில் பூகோளப் பாடம் நடத்த வேண்டி இருந்தது. ஒவ்வொரு கமிட்டியாக ஏறி இறங்கினார். விருந்து வைத்தார். சீட்டு ஆடினார். சபையில் ஓட்டுக் கேட்க முடியாத விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் கேட்டார்.

அது போதாது என்று, 1907-ம் ஆண்டில் அங்கத்தினர்களைக் கப்பல் ஏற்றி ஹவாய்க்கே அழைத்து வந்து காட்டினார்கள். 1915-ல் இன்னும் பெரிய கூட்டம் வந்தது. வந்தவர்கள் எரிமலையைப் பார்த்தார்கள். துறைமுகத்தைப் பார்த்தார்கள். திரும்பிப் போன பிறகு ஹவாய் மசோதா வந்தால் காது கொடுத்துக் கேட்டார்கள்.

காரியங்கள் நடந்தன. 1905-ல் மொலக்காய் தீவில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கும், ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. 1908-ல் பேர்ல் துறைமுகத்தை ஆழப்படுத்திக் கடற்படைத் தளம் அமைக்கச் சட்டம் வந்தது. 1916-ல் எரிமலைப் பிரதேசம் தேசியப் பூங்கா ஆயிற்று. பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும் அதிகாரத்தை ஹவாய் சட்டசபைக்கு வழங்கும் சட்டத்துக்கும் கூஹியோ ஆதரவு தேடினார். அது 1918-ல் நிறைவேறியது. ஹவாய் சட்டசபை தயங்கிக் கொண்டே இருந்தது. அதற்குள் 1920-ல் அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது.

1919-ம் ஆண்டு பிப்ரவரியில், ஹவாயை முழு மாநிலம் ஆக்க வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டு வந்தார். அப்படி ஒரு மசோதா சபைக்கு வந்தது அதுவே முதல் தடவை. அது கிடப்பில் போடப்பட்டது. நிறைவேற இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை தேர்தல். ஒவ்வொரு தடவையும் கூஹியோ நின்றார். 1902 முதல் 1920 வரை, பத்துத் தேர்தல். பத்திலும் வெற்றி!

ஆனால் இவை எல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் மனத்தை அரித்துக் கொண்டிருந்தது வேறு ஒன்று.

செத்துக் கொண்டிருந்த இனம்

கேப்டன் குக் என்ற ஆங்கில மாலுமி 1778-ம் ஆண்டில் ஹவாய்க்கு வந்தார். அப்போது அங்கே லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்தார்கள். வெளிநாட்டுக் கப்பல்களோடு வியாதிகளும் வந்தன. அம்மை, வைசூரி, சளிக்காய்ச்சல். அந்த வியாதிகளை அறியாத உடம்புகள் தாங்கவில்லை. ஊர் ஊராகச் செத்தார்கள். 1920-ல் குடிக்கணக்கு எடுத்தபோது கலப்பு இல்லாத ஹவாயர் 24 ஆயிரத்துக்கும் குறைவு.

மிஞ்சியவர்களுக்கும் நிலம் இல்லை. நிலம் எல்லாம் கரும்புக்குப் போயிற்று. மீன் பிடித்தும், சேப்பங்கிழங்கு பயிரிட்டும் வாழ்ந்த குடும்பங்கள் ஹொனலூலூவின் நெருக்கமான வாடகைக் குடில்களில் ஒண்டிக் கிடந்தன. அங்கே காசநோய் பரவியது.

இவர்களை மறுபடியும் மண்ணில் கொண்டு போய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இனமே அழிந்து போகும் என்று கூஹியோ கருதினார். அரசருக்குச் சொந்தமாக இருந்த நிலங்களை, இணைப்பின்போது அமெரிக்க சர்க்கார் எடுத்துக் கொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியை ஹவாயர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மசோதா கொண்டு வந்தார். ஜான் வைஸ் என்ற ஹவாய் சட்டசபை அங்கத்தினர் அவருக்குத் துணை நின்றார்.

அப்போது ஒரு சந்தர்ப்பமும் கூடி வந்தது. சர்க்கார் நிலத்தில் சிறந்த கரும்பு வயல்களை முதலாளிகள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தக் குத்தகைகள் முடியும் காலம் வந்தது. அவை கைவிட்டுப் போய்விடுமோ என்று முதலாளிகள் கவலைப்பட்டார்கள்.

பேரம் தொடங்கியது.

கரும்பு விளையும் நிலத்தைத் தொடக்கூடாது என்றார்கள் முதலாளிகள். ஹவாயர்களுக்கு வேறு நிலம் கொடுக்கலாம் என்றார்கள். வேறு நிலம் என்றால், பெரும்பாலும் தண்ணீர் இல்லாத காட்டு நிலம், எரிமலைக் கல் பரந்த மேட்டு நிலம்.

அடுத்தது, யார் ஹவாயர் என்ற கேள்வி. கூஹியோ, 32-ல் ஒரு பங்கு ஹவாய் ரத்தம் இருந்தாலும் போதும் என்றார். அதாவது, தாய் தந்தை 2 பேர். அவர்களைப் பெற்றவர்கள் 4 பேர். அதற்கும் மேலே 8 பேர். பிறகு 16 பேர். பிறகு 32 பேர். அந்த 32 பேரில் ஒருவர் ஹவாயராக இருந்தால் நிலம் கேட்கலாம். முதலாளிகள் ஒப்பவில்லை. பாதி ரத்தம் இருக்க வேண்டும் என்றார்கள். பல இனத்தாரும் கலந்து மணம் செய்யும் ஊர் அது. பாதி என்று வைத்தால், ஆண்டுகள் போகப் போக நிலம் கேட்க ஆள் குறைந்து கொண்டே வரும். அவர்கள் அதை அறியாதவர்கள் அல்ல.

பிரதிநிதிகள் சபையில் 1920 மே மாதம் மசோதா நிறைவேறியது. செனட் சபையில் சிக்கிக் கொண்டது. மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. கூஹியோவுக்கு உடல்நிலை சரியில்லை. இருதயம் பலவீனமாகி இருந்தது. ஆனாலும் வாஷிங்டனுக்கும் ஹவாய்க்கும் அலைந்தார். ரயிலில் ஒரு கண்டத்தைக் கடந்து, கப்பலில் பாதிக் கடலைக் கடக்க வேண்டிய பயணம் அது.

முடிவில் விட்டுக் கொடுத்தார். கரும்பு நிலம் போயிற்று. 32-ல் ஒன்று என்பது பாதி ஆயிற்று. சில ஆண்டுகளுக்குச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஓட்டு உள்ள ஒரு அங்கத்தினராக இருந்திருந்தால் இவ்வளவு விட்டுக் கொடுக்க வேண்டி இருந்திருக்காதோ, என்னவோ. அவரிடம் இருந்தது பேச்சு மட்டும்தான்.

1921-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி ஜனாதிபதி ஹார்டிங் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலம் ஹவாயர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகை. நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கமிஷனில் கூஹியோவும் ஒருவர்.

அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. அந்த நிலத்தில் வீடு கட்டிக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். நிலம் கேட்டு மனுப் போட்டுக் காத்திருப்பவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காத்திருந்து காத்திருந்தே கண்ணை மூடியவர்களும் உண்டு. பாதி ரத்தம் என்ற விதி, பல குடும்பங்களில் பேரப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிறது.

அரண்மனைக்குத் திரும்பினார்

1922-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, ஹொனலூலூவில் வைகீகி கடற்கரையில் இருந்த தமது வீட்டில் கூஹியோ காலமானார். வயது 50. அண்ணன் டேவிட் 1908-லேயே இறந்திருந்தார். ராணி 1917-ல் மறைந்தார். கூஹியோவுக்குக் குழந்தைகள் இல்லை.

அவருடைய உடலைப் பழைய அரண்மனையின் தர்பார் மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். அதே அரண்மனையின் மாடியில்தான் அவருடைய அத்தையைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஜனவரி 15-ந் தேதி அரச மரியாதையோடு ஊர்வலம் புறப்பட்டது. அரசர்கள் உறங்கும் இடத்தில் அடக்கம் செய்தார்கள். ஹவாயின் அரச வம்சத்தாருக்கு அப்படி நடந்த சவ ஊர்வலம் அதுவே கடைசி.

காலியான டெலிகேட் பதவிக்கு மார்ச் மாதம் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர் ஹென்றி பால்ட்வின். பெரிய கரும்புத் தோட்டக் குடும்பத்தின் பிள்ளை.

ஹவாய் 1959-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி முழு மாநிலம் ஆயிற்று. அன்று முதல் அந்த மக்களின் பிரதிநிதிகளுக்கு ஓட்டு உண்டு. மார்ச் 26-ந் தேதி, கூஹியோ பிறந்த நாள், அங்கே விடுமுறை நாள்.

அவர் இறந்த அதே 1922-ம் ஆண்டில், மொலக்காய் தீவில் முதல் குடியிருப்பு தொடங்கியது. அதற்குக் 'கலானியனாவோலே' என்று பெயர் வைத்தார்கள். அது கூஹியோவின் குடும்பப் பெயர். ஹவாய்க் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு அங்கே போய் இறங்கின. முள் மரங்களை வெட்டினார்கள். வாய்க்கால் தோண்டினார்கள். ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகை கட்டி, பயிர் வைத்தார்கள்.